இன்றைக்கு, கிழமைக்குள், அமாவாசைக்குள்

திருப்பூரில் என்னோடு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த தோழிகள் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தினமும் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்?" ஐந்து மணிக்கு என்று சொல்கிறேன். அவர்கள் முகம் மாறிவிடுகிறது. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கிய நாட்களில் விடிய விடிய நின்று வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஐந்து மணிக்கு எழுவதெல்லாம் எங்களுக்கு ஒரு சிரமமா? தோட்டத்தின் சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வேலையை நாளைக்குத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு கிடாரிக் கன்றையும் இழக்க வேண்டியிருந்தது.

எங்கள் தோட்டம் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, தார்ச்சாலையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மொத்தம் 3.5 ஏக்கர். அதில் ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணீர் உண்டு: 40 தென்னை, ஊடே காய்கறிப் பாத்திகள், ஓரத்தில் தீவனப்புல். இன்னொரு ஏக்கர் மழையை நம்பிய சோளக்காடு. மீதி 1.5 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு இடத்தை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சுற்றிலும் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். இரண்டு மழை பெய்தால் யாரும் விதைக்காமலே தழைத்துவிடும். புல் காய்ந்த பிறகும் மரத்தடியில் உதிரும் வேலங்காயைப் பொறுக்கித் தின்றே ஆடுமாடுகள் கோடையைத் தாண்டும். காங்கயம் மாடு என்று நாடெல்லாம் பேசுகிறார்களே, அந்த மாட்டின் உடம்பு இந்தக் காடுகளில் மேய்ந்து உருவானது.

மாமா தவறிய பிறகு அத்தை தனியாக இருந்தார். 2016 ஆனியில் கணவரும் நானும் இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தோம். கையில் இருந்த சேமிப்பில் ஆசை ஆசையாக மாடுகள் வாங்கினோம். ஐந்து மாடு, 18 ஆடு என்று கட்டுத்தரை நிறைந்துவிட்டது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினால் காற்றுதான் வந்தது.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 15 கிலோ பசுந்தீவனமும் 5 முதல் 6 கிலோ சோளத்தட்டும், அதாவது காய்ந்த சோளத்தண்டும், வேண்டும். ஐந்து மாட்டுக்கு ஆண்டுக்குத் தட்டு மட்டுமே 10 டன் ஆகிறது. எங்கள் சோளக்காடு நல்ல மழை பெய்த ஆண்டிலேயே அதில் நான்கில் ஒரு பங்குதான் கொடுக்கும். மூன்று மாடுகளை விற்றோம். வறட்சியில் எல்லோரும் விற்கிறார்கள், வாங்க ஆள் இல்லை. வாங்கிய விலையில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. மாடு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் தட்டுப்போரை அளந்து பாருங்கள், பிறகு சந்தைக்குப் போங்கள். இப்போது எங்களிடம் ஒரு காங்கயம் பசுவும் ஒரு கலப்பினப் பசுவும் ஆறு வெள்ளாடுகளும் இருபது கோழிகளும்தான் இருக்கின்றன. பற்றாத தட்டை மாசியில், அறுப்பு முடிந்த கையோடு வாங்கிப் போர் போட்டுவிடுகிறோம். வைகாசியில் வாங்கப் போனால் அதே கட்டுக்கு வேறு விலை.

மாடுகள் குறைந்த பிறகும் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை. எல்லா வேலையையும் எல்லா நாளும் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோழிக்கூண்டைத் தினமும் கழுவினேன், களையைத் தினமும் கொத்தினேன், இரவு பத்து மணிக்குக் கைவிளக்கோடு கத்தரிச்செடியில் புழு பொறுக்கினேன். ஒருநாள் இரவு சாப்பிடும்போதே உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிட்டேன். அத்தை என்னை எழுப்பிக் கைகழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, வேலையில் மூன்று வகை உண்டு. இன்றைக்குச் செய்ய வேண்டியது, கிழமைக்குள் செய்ய வேண்டியது, அமாவாசைக்குள் செய்ய வேண்டியது. நீ மூன்றையும் ஒரே சாக்கில் கட்டித் தூக்குகிறாய்."

அன்றைக்கு அது வெறும் ஆறுதலாகத்தான் என் காதில் விழுந்தது. எங்கள் குடும்பம் நடப்பதே அந்த மூன்று சொல்லில்தான் என்று பிறகு புரிந்தது.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை உண்மையில் கொஞ்சம்தான். கட்டுத்தரையில் சாணி அள்ளுவது, பால் கறப்பது, தாழியில் தண்ணீர் நிரப்புவது, தீவனம் போடுவது, காலையில் கோழிகளைத் திறந்துவிட்டு இருட்டுவதற்குள் எண்ணி அடைப்பது. இவற்றோடு ஒரு வேலை சேர்ந்துகொள்கிறது, அதை யாரும் வேலை என்றே எண்ணுவதில்லை. நின்று பார்ப்பது. மாடு அசை போடுகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா, சாணி இளகியிருக்கிறதா, நேற்று முதலில் ஓடி வந்த ஆடு இன்றைக்குக் கடைசியில் வருகிறதா. சாணி அள்ளும் பத்து நிமிடத்தில் இதையெல்லாம் பார்த்துவிடலாம். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அள்ளினால் எதுவும் கண்ணில் படாது.

கறக்கும்போது ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் விடுகிறேன். திரிதிரியாகத் தெரிந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையிலேயே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்துவிடுவேன். மடியைக் கழுவி, பாலைச் சுத்தமாகப் பீய்ச்சி எடுத்துவிட்டு, அந்த விழுதைத் தண்ணீரில் கரைத்து நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். கால்நடை மருத்துவர்களே சொல்லித் தரும் முறை இது. எங்கள் கலப்பினப் பசுவுக்கு இரண்டு முறை இதிலேயே சரியாகிவிட்டது. மடி கல்லாகி, மாடு காய்ச்சலில் நிற்கும்வரை விட்டுவிட்டால் விழுதை நம்பி உட்காரக் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஒரு காம்பு போய்விட்டால் அந்த மாட்டின் வாழ்நாளுக்கும் போனதுதான்.

தள்ளவே கூடாத இன்னொன்று சினைப்பருவம். பசு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அடிக்கடி கத்தும், தீவனத்தில் மனம் வைக்காது, கண்ணாடி போல வழும்பு தொங்கும், பால் சட்டென்று குறையும். காலையில் தெரிந்தால் அன்று மாலை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வேண்டும். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. 2017-இல் ஒருமுறை காலையிலேயே அறிகுறிகளைப் பார்த்துவிட்டேன். அன்றைக்குத் தேங்காய் வெட்டு. ஆட்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்குச் சோறாக்க வேண்டும். மறுநாள் மாலை சாவகாசமாக ஓட்டிக்கொண்டு போனோம். சினை பிடிக்கவில்லை. 21 நாள் கழித்து வந்த பருவம் ஒரு கல்யாண வீட்டில் இருந்தபோது கடந்துவிட்டது. ஆக 42 நாள். கன்று ஈனுவது 42 நாள் தள்ளிப்போனால் 42 நாள் பாலும் தள்ளிப்போகிறது, தீவனம் மட்டும் தள்ளிப்போவதில்லை. அன்றிலிருந்து சமையலறைச் சுவரில் கொப்பரைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. தேதி கிழிக்கும் காலண்டர் இதற்கு உதவாது, கிழித்த தாளோடு குறிப்பும் போய்விடும். பருவம் வந்த நாள், ஊசி போட்ட நாள், அதிலிருந்து 21-ஆம் நாள், சினை உறுதியானால் 280-ஆம் நாள், எல்லாம் சிவப்பு மையில் அதில் இருக்கும். ஆட்டுக்கு 150 நாள், அடை வைத்த கோழிக்கு 21 நாள். மகள்தான் எண்ணிக் குறிக்கிறாள்.

கிழமை வேலைக்கு வருகிறேன். ஏழு நாளுக்கும் ஏழு வேலை எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். இரண்டு வாரம்கூட அது ஓடவில்லை. மழை வரும், சொந்தத்தில் ஒரு சாவு விழும், மோட்டார் எரிந்துபோகும். பட்டியல் நின்றுவிடும். பிறகு ஒன்றைக் கவனித்தோம். எங்கள் வாரத்தில் அசைக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் மற்ற நாட்கள் தாமாக அமைந்துவிடுகின்றன. ஞாயிறு சந்தை என்றால் சனி மாலை காய் பறிக்க வேண்டும். சனி பறிக்க வேண்டும் என்றால் வெள்ளி பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காய் துவண்டிருக்கும். வெள்ளி பாயும் தண்ணீரோடு ஜீவாமிர்தம் என்ற சாணிக் கரைசல் உரம் போக வேண்டும் என்றால் புதன் காலை கரைத்து வைக்க வேண்டும், ஏனெனில் அது ஊற 48 மணி நேரம் ஆகும். 200 லிட்டர் பீப்பாயில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டும். பீப்பாய் கலக்குவது மகனின் பொறுப்பு. எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் மூக்கைச் சுளிக்காமல் செய்கிறான் என்பதில் எனக்குப் பெருமை.

வெள்ளி தண்ணீர் பாய வேண்டும் என்றால் அதற்கு முன்பே சொட்டுநீர்க் குழாய் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே திங்கள் அதற்கு. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் கொடுக்கிறது, நாங்களும் அப்படித்தான் அமைத்தோம். அமைத்துக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது, கழுவுவது நம் வேலை. எங்கள் தண்ணீர் உப்பு. வடிகட்டியின் வலையைக் கழற்றிக் கழுவி, ஒவ்வொரு குழாயின் கடைசி முனையையும் திறந்துவிட்டு, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட விட வேண்டும். அரை மணி நேர வேலைதான். மூன்று வாரம் விட்டுப் பார்த்தோம். துளைகளில் வெள்ளையாக உப்புப் பூத்து, கத்தரியில் இரண்டு வரிசை வாடிப் போயிற்று. மும்முனை மின்சாரம் எங்கள் பக்கம் பகலில் ஒரு தவணை, இரவில் ஒரு தவணையாக வருகிறது, நேரமும் மாறும். பகல் தவணை எப்போது என்று பார்த்துத்தான் அன்றைய சமையலே.

சந்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் கத்தரி மட்டும் 30 கிலோ, 40 கிலோ கொண்டுபோனோம். மொத்த வியாபாரி ஒரு விலை சொல்வார், வெயில் ஏற ஏற அது இறங்கும், பத்து மணிக்கு நாங்களே "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சும் நிலைக்கு வந்துவிடுவோம். இப்போது ஆறேழு வகை கொண்டுபோகிறோம்: கத்தரி, வெண்டை, முருங்கை, அவரை, அகத்திக்கீரை, எலுமிச்சை, நாட்டுக்கோழி முட்டை. எதுவும் ஐந்து கிலோவுக்கு மேல் இல்லை. தரையில் சாக்கு விரித்து நானே உட்கார்ந்து விற்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியது எங்கள் சாக்கிலேயே கிடைத்துவிடுவதால் வாடிக்கையாக வருகிறார்கள், விலையை நாங்கள் சொல்கிறோம். கூடை காலியாக வீடு திரும்பும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்தைப் போல எனக்கு வேறு நிறைவு கிடையாது.

சனிக்கிழமையில் இன்னொரு வேலை இருக்கிறது. காய் பறிப்பதற்கு முன், வெயில் தாழ்ந்ததும், வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. அதை எந்த மழையிலும் எந்த விருந்தாளி வந்தபோதும் நாங்கள் விட்டதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

2019 பங்குனி. எங்கள் காங்கயம் பசுவின் கிடாரிக் கன்றுக்கு அப்போது 14 மாதம். காங்கயம் கன்றுகள் பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும், சில மாதங்களில் அந்தச் சிவப்பு உதிர்ந்து மயிலை என்னும் சாம்பல் நிறம் வந்துவிடும். பிறந்த அன்று பார்த்து மகள் அதற்குச் செவ்வந்தி என்று பெயர் வைத்தாள். மயிலையாகிப் போன பிறகும் செவ்வந்தி என்று கூப்பிட்டால் கொறங்காட்டின் மறுகோடியிலிருந்து ஓடி வரும்.

கொறங்காட்டின் மேற்கு வேலியில் இரண்டு கிளுவை பட்டுப்போய் ஒரு சந்து விழுந்திருந்தது. நான் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன்பே பார்த்தேன். வேலமுள் கொப்பு ஒன்றை வெட்டி அதில் சாய்த்துவிட்டு, அடுத்த வாரம் ஆள் வைத்து அடைக்கலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் முருங்கை விலை ஏறியிருந்தது, பறிப்பதிலேயே நாள் போயிற்று. சாய்த்த கொப்பை ஆடுகள் இழுத்துப் போட்டிருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டுச் சோளக்காடு. தீவனத்துக்கு அறுத்துவிட்ட தாள் ஒரு கோடை மழையில் மறுபடியும் துளிர்த்து, பிறகு மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. காய்ந்து கிடந்த கொறங்காட்டிலிருந்து பார்க்கும் மாட்டுக்கு அந்தப் பச்சை எப்படித் தெரிந்திருக்கும்! மதியம் மூன்று மணிக்குச் செவ்வந்தி முதலில் நுழைந்திருக்கிறது, தாய் பின்னால் போயிருக்கிறது. பங்காளி பார்த்து ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, "அரைமணி நேரம்கூட மேய்ந்திருக்காது" என்றார். அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

கட்டுத்தரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் கன்று தள்ளாடியது. வாயில் நுரை தள்ளியது, மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது, வயிறு உப்பியது. கணவர் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுந்து காலை உதைத்தது. மருத்துவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் செவ்வந்தி போய்விட்டது. தாய் தள்ளாடிக்கொண்டு நின்றது. நரம்பில் சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டு அதை மீட்டுக் கொடுத்தார்.

இளஞ்சோளத்தில் ஒரு நஞ்சு உண்டு என்று அவர்தான் விளக்கினார். மாட்டின் வயிற்றுக்குள் போனதும் அது சயனைடாக மாறி மூச்சை அடைக்கிறது. பயிர் பூப்பதற்கு முன் அது அதிகம். அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பில் இன்னும் அதிகம். தண்ணீரில்லாமல் வாடி நிற்கும்போது அதைவிட அதிகம். பூத்து முடித்த பிறகு அறுத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்த தட்டில் அந்தப் பயம் குறைந்துவிடுகிறது. பசியோடு இருக்கும் மாடு ஒரேயடியாக மேய்ந்தால் ஆபத்து கூடும் என்றும் சொன்னார். அத்தைக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. "வாடிய சோளத்தில் மாட்டை விடக் கூடாது என்று என் மாமனார் சொல்வார், ஏன் என்று யாரும் சொல்லவில்லை" என்று அன்று இரவு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். இதைப் படிக்கிறவர்களில் மாடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பிள்ளைகளுக்கும் மேய்ப்பவர்களுக்கும் காரணத்தோடு சொல்லி வையுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணையும் கட்டுத்தரைச் சுவரிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். பதற்றத்தில் கைப்பேசியில் தேட விரல் ஓடாது.

மறுநாள் விடிந்ததும் அத்தை அரிவாளை எடுத்துக்கொண்டு மேற்கு வேலிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. முள்ளை இழுத்துக் கட்டி முடித்த பிறகு, "வேலி கிழமை வேலை, அம்மிணி" என்றார். எனக்கு அழுகை வந்தது. அமாவாசை வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது கிழமை வேலை. அதில்தான் பிசகினேன். ஒரு வேலையை எந்த வகையில் சேர்ப்பது என்று யோசிக்கும்போது இப்போது நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது கெட்டுப்போனால் மறுபடி சரிசெய்ய முடியுமா? களை மண்டினால் கொத்திவிடலாம். கூண்டு நாறினால் கழுவிவிடலாம். வேலி அப்படி இல்லை.

அமாவாசை வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை. காளைகளுக்கு ஓய்வு. அந்த நாளில் ஆண்கள் கயிறு திரித்தார்கள், கொழுவைத் தட்டினார்கள், குப்பையைப் புரட்டினார்கள். இன்றைக்கு டிராக்டர்தான் உழுகிறது என்றாலும் அந்த நாளை நாங்கள் விடவில்லை. தும்பு, மூக்கணாங்கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, எருக்குழியைப் புரட்டுவது, கோழிக்கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பது, ஆடுகளின் கண் இமையை விலக்கி வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது. இமை வெளுத்தால் வயிற்றில் புழு. கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசிகளின் தேதியைக் காலண்டரில் சரிபார்ப்பதும் அன்றுதான்.

மாதக் கணக்கும் அன்றைக்கே. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கணக்குப் பார்த்ததால்தான், கடையில் வாங்கும் கலப்புத் தீவனம் எங்கள் பால் பணத்தில் பாதியைத் தின்கிறது என்று தெரிந்தது. கோ-4 என்ற தீவனப்புல்லைக் கால் ஏக்கருக்குக் கூட்டினோம். நட்டு 75-ஆம் நாள் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று. அதோடு வேலிமசால் என்ற தீவனச்செடியும் அகத்தியும் சேர்ந்த பிறகு தீவன மூட்டை மாதத்துக்கு இரண்டு குறைந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் அந்த இரண்டு மூட்டையின் பணமும் எங்கே போகிறது என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

கோழிகளைப் பற்றி அத்தையிடம்தான் கேட்க வேண்டும், அது அவருடைய ராஜ்யம். அடைக்கு மணல் பரப்பி, அதில் ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டுத்தான் முட்டை வைப்பார். இடி இடித்தாலும் முட்டை கூழாகாது என்பது நம்பிக்கை. நான் அதில் தலையிடுவதில்லை. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நரம்போடாத முட்டைகளை எடுத்துவிடுவது மட்டும் நான் சேர்த்த பழக்கம். அத்தைக்கும் அது பிடித்துவிட்டது. வெள்ளைக்கழிச்சலில் ஒரே வாரத்தில் 16 கோழிகளைப் பறிகொடுத்த பிறகு, குஞ்சு பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்தை யாரும் தள்ளிப்போடுவதில்லை.

தோட்டத்தை விட்டு ஒருநாள் வெளியே தங்குவது எப்படி என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. என் தம்பி கல்யாணத்துக்கு முதல்நாள் இரவே போக முடியாமல், விடியற்காலை கறந்துவிட்டு ஓடி முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். காங்கயம் பசு தெரியாத கைக்குப் பால் சுரக்காது, கன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்போது வாரத்தில் இரண்டு வேளை கணவர் கறக்கிறார். மாதத்தில் ஒரு வேளை வடக்குத் தோட்டத்து அக்கா வந்து கறக்கிறார், அதே போல நான் அவர் மாட்டைக் கறக்கிறேன். கைமாற்று வேலை, கூலி கிடையாது. மாட்டுக்கு இரண்டு கை பழக்கப்பட்டிருந்தால்தான் காய்ச்சலில் படுக்கவும் கல்யாணத்துக்குப் போகவும் முடியும். மாடு வாங்கிய முதல் மாதத்திலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

இந்த ஆண்டு ஆனியில் மேற்கு வேலி முழுவதையும் புதுப்பித்தோம். கைத்தடி கனத்தில் கிளுவைப் போத்துகள் 22 வெட்டி, இரண்டு நாள் நிழலில் கிடத்தி, ஒரு முழ ஆழத்தில் நட்டோம். ஆடிக் காற்றில் 17 துளிர்த்துவிட்டன. ஐந்து மொட்டையாக நின்றன. பிடுங்கிவிட்டு வேறு நடலாம் என்று கணவர் சொன்னார். அத்தை விடவில்லை. போன சனிக்கிழமை வேலி சுற்றும்போது மகள் அந்த ஐந்தையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். மூன்றில் தோலுக்கடியில் பச்சை இருந்தது. இரண்டு பட்டுப்போயிருந்தன, அவை இரண்டும் அடுத்தடுத்து நிற்பவை. அந்த இடத்தில் வேலமுள்ளை இரண்டடுக்காக வைத்து, கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் காய் பறிக்கப் போனோம்.